நெழல்ல உக்காருங்க

நாகமணியக் கேக்கறீங்களா அம்மிணி? வாங்க, வந்து இந்தத் தொட்டி மேல உக்காருங்க, சொல்றேன். கீரை வாங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல அவளைத்தான் கேக்கறாங்க. "இன்னொரு அக்கா எங்க?" அப்படீன்னு. நான் ஒருத்தி மம்முட்டியும் கையுமா நிக்கறது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியறதில்ல. உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொல்றேன்.

எத்தனை நாளாச்சு உங்களைப் பாத்து. பொங்கலுக்கு முன்னால வந்ததுதானுங்களே. சேலத்துக்குப் போயிருந்தீங்களா, அம்மா வூட்டுக்கு? அதானே. மூணாவது மாடிக் கதவு சாத்தியே கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன், அந்த அம்மிணியக் காணோமே, நம்ம கீரை கசந்து போச்சாட்ட இருக்குதுன்னு. இளைச்சுட்டீங்களே. அம்மா வூட்டுக்குப் போனவங்க சதை போட்டு வருவாங்க, நீங்க பாதியா வந்திருக்கறீங்க. சார் வரலீங்களா? ரோட்டுல ஸ்கூட்டர நிறுத்திப்போட்டு ஹாரன் அடிப்பாரே, சேறு ஒட்டிக்கும்னு எறங்கவே மாட்டாரு. "அக்கா, வெந்தயக்கீரை"ன்னு அங்கிருந்தே ஒரு சத்தம். சக்கரை இருக்குதுன்னு சொன்னீங்களே. இருக்குதுங்க வெந்தயக்கீரை, தொட்டியோரம் போன வருசத்து வெதை உழுந்து தானா மொளைச்சது. சாருக்குன்னு தனியா ஒரு கட்டுப் போட்டுத் தர்றேன்.

இருங்க இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. நான் நாகுவப் பத்திச் சொல்லி முடிச்சுடறேன். கேட்டுப்போட்டீங்க, இனிப் பாதியில நிறுத்துனா எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

நாகமணி எனக்கு ஓரகத்திங்க. கூடப்பொறந்தவன்னுதான் நெறையப் பேரு நினைச்சிருக்கறாங்க. நான் மூத்த மருமக, அவ எளைய மருமக. சுத்தி இருந்தவங்க எல்லாரும் வித்துப்போட்டுப் போயிட்டாங்க. இக்கட்ட உங்க அபார்ட்மெண்டு வந்துருச்சு, அக்கட்ட லேத்துப் பட்டறை, முன்னால அயர்ன் கடை. நடுவுல இந்தத் துண்டு மட்டும் எங்களுக்கு மிஞ்சிச்சு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிக்கல. ஒரே கெணறு, ஒரே மோட்டரு, ஒரே அடுப்பு. ஓரகத்திங்க ஒத்துமையா இருந்து பாத்திருக்கறீங்களா நீங்க? நாங்க இருந்தோமுங்க. அவ பாத்தி கட்டுனா நான் தண்ணி உடுவேன். நான் கட்டுக் கட்டுனா அவ வித்துப்போட்டு வருவா.

ஆனா வெதைன்னா அவ கைதான். அதுல நான் போட்டிக்கே போனதில்லீங்க. அவ கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியாரு தூவுன கீரை மொளைக்கல, அப்பறம் நான் தூவி அதுவும் மொளைக்கல. இவ வெளையாட்டுக்கு ஒரு பிடி அள்ளித் தூவுனா. பாத்தி பூராவும் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி வந்துச்சு. எங்க மாமியாரு யாரையும் நல்லாச் சொல்லாத பொம்பள. அவங்களே சொன்னாங்க, கைராசிக்காரின்னு. அன்னையிலிருந்து எந்தப் பட்டமானாலும் மொத பிடி நாகு கைதான். உங்க பால்கனித் தொட்டியில தக்காளி நட்டுக் குடுத்தது அவதானே? காய்ச்சுதா இல்லையா? அதைச் சொல்லுங்க.

கீரை வெதை தூசி மாதிரிங்க, கையில எடுத்தா எங்க இருக்குதுன்னே தெரியாது. அவ முறத்துல ஆத்து மணலப் போட்டு, வெதைய அதுல கலந்து, பின்பக்கமாவே நடந்துட்டே தூவுவா. தூவுன எடத்துல கால் படாது. அதுக்கும் முந்தி, பாத்தியச் சுத்தி எங்கெங்க எறும்புப் பொந்து இருக்குதோ அங்கெல்லாம் ஒரு கை அரிசி நொய்யப் போட்டுருவா. "எறும்புக்கு விருந்து வெக்கறயாக்கும்"னு நான் திட்டுவேன். சிரிச்சுக்குவா. எல்லாம் முடிஞ்சு மண்ணுல கைய வெச்சு மெதுவா ஒரு தட்டு, கொழந்தையத் தூங்கப் போடற மாதிரி. அவ்வளவுதான், ஒரு வாரம் முடியறதுக்குள்ள மொளைச்சுரும்.

ஐப்பசியில எங்க கொழுந்தனாரு போயிட்டாரு. உங்களுக்குத் தெரியுமே, நீங்களும் சாரும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனீங்களே. மஞ்சக்காமாலை. நாட்டு மருந்து குடுத்தோம், கேக்கலைன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அதுக்குள்ள முத்திப்போச்சுன்னுட்டாங்க. அழுது என்ன பண்றது. நாகு அழுகவே இல்லீங்க. அதுதான் எனக்குப் பயம். மோட்டர் ரூம் வாசப்படியில உக்காந்து தண்ணி ஓடறதையே பாத்துட்டிருப்பா. ஒரே பொண்ணு, அதைக் காங்கேயத்துல கட்டிக் குடுத்தாச்சு. அந்தப் புள்ள கூப்புட்டுச்சு, போகல. இந்த மண்ண உட்டுப்போட்டு எங்க போறதுன்னுட்டா.

அவளுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? வெள்ளச் சீலை கட்டச் சொன்னனா? சொல்லல. கலர் சீலைதான் கட்டோணும், எவன் கேக்கறான்னு பாக்கறேன்னு நாந்தானுங்க கடைக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். மூலையில உக்காருன்னு சொன்னனா? ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் சோறு உண்டோம். எங்க மாமியாரு இருந்திருந்தா நடக்குமா இதெல்லாம்? அந்தக் காலத்துப் பொம்பள மாதிரி நான் இல்லீங்க. நானும் டிவி பாக்கறேன், நாலு விசயம் எனக்கும் தெரியும்.

தைப் பட்டம் போடல, மனசு யாருக்கும் வரல. கோனியம்மன் தேரு முடிஞ்சுது. பனி விட்டுச்சு, வேம்பு பழைய எலைய எல்லாம் கொட்டிப்போட்டுச் செவப்பாத் துளிர் உட்டுச்சு. ஒரு நாளு வெடியால நான் வந்து பாக்கறேன், நாகு மம்முட்டிய எடுத்துட்டா. யாரும் சொல்லல, அவளா எடுத்தா. கொத்துனா பாருங்க, எங்க வூட்டுக்காரரே வரப்புல நின்னு பாத்துட்டுப் போனாரு. குப்பை இழுத்துப் போட்டா, கட்டி ஒடைச்சா, அடிக்கோல் வெச்சு அளந்த மாதிரி பாத்தி கட்டுனா. கட்டி முடிச்சுப்போட்டு என்னைப் பாத்துக் கேட்டா, "அக்கா, இந்த வருசம் தண்டங்கீரைய இக்கட்டப் போடலாமுங்களா, அங்க அபார்ட்மெண்டு நெழல் உழுகுது"ன்னு. ஐப்பசிக்கு அப்பறம் அவளா வாயத் தொறந்து பேசுனது அதுதானுங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. போடலாம் நாகு, எங்க வேணுமோ அங்க போடலாம்னேன்.

சரி. இனி நடந்ததைக் கேளுங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நீங்களே சொல்லுங்க.

மாசிப் பட்டம், மொத பிடி வெதை. ஒரு சாவு உழுந்த வூட்டுல அதுக்கப்பறம் நடக்கற மொத நல்ல காரியம். நான் யோசிச்சேன். தாலி எறங்கிப் போனவ கையில மொத பிடியக் குடுத்தா ஊரு என்ன சொல்லும்? என்னைச் சொல்லாது, அவளைத்தான் சொல்லும். மழை தப்பி, வெயில் தப்பி, பட்டம் சரியா வராமப் போச்சுன்னு வையுங்க, அதுக்கும் அவ ராசியத்தான் சொல்லும். அந்தப் பேச்சு அவ காதுல உழுகோணுமா? இப்பத்தான் ஒரு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கறா. அவளுக்கோசரந்தானுங்க நான் யோசிச்சேன், எனக்கோசரமில்ல.

ஊரு எங்க இருக்குதுன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. எங்க வூட்டுக்காரரும் அதைத்தான் கேட்டாரு. "லேத்துப் பட்டறைக்காரன் பாத்துச் சொல்லப் போறானா, அபார்ட்மெண்டுக்காரங்க சொல்லப் போறாங்களா, அந்தப் புள்ளையே தூவட்டும் உடு"ன்னாரு. ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும். உங்க அபார்ட்மெண்டுல யாரு இருக்கறா, யாரு போறான்னு பக்கத்து வூட்டுக்கே தெரியறதில்ல, அது வேற. தையில ஒரு நா உங்க கேட்டுல ஆம்புலன்சு வந்து நின்னுச்சு. வெளக்கு சுத்திட்டே இருந்துச்சு. கட்டுப்போட்ட கீரையக் கீழ போட்டுட்டு ஓடுனேன். யாருங்கன்னா, வாட்ச்மேனு புதுசு, எந்த வூடுன்னு அவனுக்கே சொல்லத் தெரியல. யாரோ ஆம்பளையாளு, கொண்டு போறப்பவே முடிஞ்சு போச்சுன்னு மட்டும் சொன்னான். பாருங்க, ஒரு உசுரு போயிருக்குது, எதுத்தாப்புல இருக்கற எனக்கு இன்னார்னு தெரியல. அப்படிப்பட்ட எடந்தான் இது. இருந்தாலும் நமக்குன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? யாரும் பாக்கலைன்னு விட்டுர முடியுமா?

என்னுங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? வெயிலு ஒத்துக்கலீங்களா? தண்ணி தரட்டுங்களா? வேண்டாமா? சரி, கேளுங்க.

அயர்ன் கடைக்காரர் மருமகளை வரச் சொன்னேன். நிவேதான்னு பேரு, கார்த்திகையிலதான் கல்யாணம் ஆச்சு. கழுத்துல மஞ்சக் கயிறு இன்னும் நெறம் மாறல. அந்தப் புள்ள கீரையே திங்காதாம், அது வேற கதை. நைட்டி மேல ஒரு துண்டப் போட்டுட்டு, போன்ல பேசிட்டே வந்துச்சு. வந்துச்சில்ல, அது போதும். நாகு அப்பத்தான் தலைக்குக் குளிச்சுப்போட்டு, ஈரத்தலைய முடிஞ்சுட்டு, முறத்துல மணலும் வெதையும் கலந்து எடுத்துட்டு வர்றா. வந்தவ அந்தப் புள்ளையப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா.

நான் மெதுவாத்தானுங்க சொன்னேன். சத்தியமா மெதுவாச் சொன்னேன். "உனக்கு எதுக்கு நாகு சிரமம். வெயில்ல நிக்காத. நீ போய் அந்த நெழல்ல உக்காரு." இவ்வளவுதான். இதுல ஒரு வார்த்தை தப்பு இருக்குதுங்களா? நெழல்ல உக்காருன்னு சொல்றது வைய்யறதா?

முறத்த என்ற கையில குடுக்கல, வரப்பு மேல வெச்சா. போய் வேப்ப மரத்தடியில உக்காந்துட்டா. அந்தப் புள்ள நின்ன எடத்துல நின்னுட்டே கோழிக்குத் தவுடு போடற மாதிரி வீசிப்போட்டுப் போயிருச்சு. சரி, தண்ணி உடலாம்னு மோட்டரப் போட்டேன். மடை மாத்தறது எப்பவும் நாகுதான். ஒரு பாத்தி நெறையறப்பவே அடுத்த பாத்திக்கு வாயத் தொறந்து உட்டுருவா, அவளுக்குச் சொல்லவே வேண்டாம். நான் பாட்டுக்கு அக்கட்டப் போயி வெந்தயக்கீரையப் பாத்துட்டிருக்கறேன். திரும்பறேன், பாத்தி தளும்பி, வரப்பு ஒடைஞ்சு, தண்ணி பூராவும் சொவரு மூலைக்கு ஓடுது. "நாகு, மடையத் திருப்பு"ன்னு கத்தறேன். அவ உக்காந்த எடத்துல உக்காந்திருக்கறா. அவ காலுக்கிட்டதான் தண்ணி ஓடுது, பாத்துட்டே இருக்கறா. நாந்தான் விழுந்தடிச்சு ஓடி மோட்டர நிறுத்துனேன். "ஏண்டி, கண்ணு தெரியலையா, பாத்துட்டே உக்காந்திருக்கறயே"ன்னு கேட்டேன். கோவந்தான், எனக்குக் கோவம் வராதா.

"நீங்கதானுங்கக்கா நெழல்ல உக்காரச் சொன்னீங்க." அப்படீங்கறா.

அதுவும் சத்தமாச் சொல்லல. என்ன திமிரு பாருங்க. சரி, திமிருன்னு சொல்லக் கூடாது, வெசனத்துல இருக்கறவ. ஆனா எனக்குப் பொக்குன்னு போச்சுங்க. இத்தனை வருசத்துல என்னை அவ எதுத்துப் பேசுனதே இல்ல.

அதா, அந்தச் சொவரு மூலையப் பாருங்க. வெதை எல்லாம் தண்ணியோட அடிச்சுட்டுப் போயி அங்க தங்கிருச்சு. கீரை அங்க மட்டும் நெருக்கியடிச்சுட்டு மொளைச்சிருக்குது, ஒண்ணுக்கொண்ணு எடம் இல்லாம, ஒண்ணும் தேறாது. இக்கட்டப் பூராவும் மொட்டை. அவ கட்டுன பாத்தி, அவ ஒடைச்ச மண்ணு, அப்படியே சும்மாக் கெடக்குது. அந்தப் புள்ளைக்கு ராசி இல்லைன்னுதான் நினைக்கறேன். கீரை திங்காத புள்ளையக் கூப்புட்டது என்ற தப்புத்தான், அதை ஒத்துக்கறேன்.

அப்பறம் கொஞ்ச நாள்ல நாகு போயிட்டா. சண்டை போட்டுட்டெல்லாம் போகல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திட்டிப்போட்டு, சாயந்தரம் காப்பி வெச்சுக் குடுத்துச் சரி பண்ணியிருப்பேன். அவ சிரிச்ச மூஞ்சியோட ஒரு பையில துணிய வெச்சுட்டு, "அக்கா, பீளமேட்டுல பொண்ணுங்க ஹாஸ்டல்ல காய் நறுக்கற வேலை இருக்குதாம், அங்கயே தங்கிக்கலாமாம், போய்ட்டு வர்றனுங்க"ன்னா. பத்திரமா இருந்துக்கோங்கன்னா. என்ற மேல ஒரு பழியும் போடல. எதாச்சும் சொல்லியிருந்தா எனக்கும் பதில் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும்.

மத்தியானம் ஒத்தையில உக்காந்து சோறு உங்கறதுக்கு எனக்குப் பழக்கம் இல்லீங்க. தட்டு ரெண்டு எடுத்துருவேன், கை பழகிப்போச்சு. எடுத்துட்டு ஒண்ணத் திருப்பி வெப்பேன். எங்க வூட்டுக்காரரு எதுத்தாப்புல உக்காந்தாலும் ஆள் இல்லாத மாதிரிதான் இருக்குது. அழுகல, கண்ணுல மண்ணு உழுந்துருச்சு. இல்லீங்க, அழுகறேன், உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்றது.

அவ போனதுக்கப்பறம் நானே தூவுனேன். மணல் கலந்து, பின்பக்கமாவே நடந்து, அவ பண்ணுன மாதிரியேதான் பண்ணுனேன். ரெண்டு நா கழிச்சு வந்து பாக்கறேன், எறும்பு சாரை கட்டிட்டுப் போகுது. ஒவ்வொண்ணு வாயிலயும் ஒரு கீரை வெதை. அத்தனையும் தூக்கிட்டுப் போயிருச்சுங்க. அவ இருந்தவரைக்கும் ஒரு எறும்பு ஒரு வெதையத் தொட்டதில்ல. எறும்புகூட அவளுக்கு அடங்கித்தான் இருந்துச்சு பாருங்க. அந்தக் கைக்கு அப்படி ஒரு ராசி.

எங்க வூட்டுக்காரரு இப்ப வேற பேச்சுப் பேசறாரு. சித்திரை பொறக்கறப்ப இந்தப் பாத்தியில பச்சை தெரியலைன்னா கார் நிறுத்தறதுக்கு உட்டுரலாங்கறாரு. உங்க அபார்ட்மெண்டுலயே கேக்கறாங்களாம், எடம் பத்தலையாம். கான்கிரீட்டு போட்டுத் தர்றேன்னு ஒருத்தன் வந்து அளந்து பாத்துட்டே போயிட்டான். எனக்கு எடம் போறது பெருசில்லீங்க. ஆனா நாகு எதுக்குத் திரும்பி வருவா? எனக்காகவா வருவா? மண்ணு இருந்தாத்தானுங்க வருவா. கான்கிரீட்டுக்கு யாரு வருவா. ஒரே ஒரு பாத்தி பச்சையா நின்னாப் போதும், அவளுக்குச் சேதி சொல்லி உட்டுருவேன். கேட்டா அவளால அங்க இருக்க முடியாது, எனக்குத் தெரியும்.

போகாம இருப்பனா? போனேன். அந்தச் சொவரு மூலைக் கீரையில நல்லதாப் பாத்து ஒரு கட்டுப் புடுங்கிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். கேட்டுக்கிட்ட வந்தா. தலையில ஒரு துணிய வலை மாதிரி கட்டிட்டு, கையெல்லாம் வெங்காய வாசம். "வாங்கக்கா, மச்சாண்டார் நல்லா இருக்கறாருங்களா"ன்னு எங்க வூட்டுக்காரரப் பத்திக் கேட்டா. கீரையக் குடுத்தேன். வாங்கி வேரை மோந்து பாத்தா. வேரைத்தான் மோந்தா, எலையை இல்ல. "பாத்தியெல்லாம் எப்படி இருக்குதுங்க"ன்னு கேட்டா. அப்ப அவ கண்ணு நெறைஞ்சுச்சு. புருசன் செத்தப்பக்கூட நெறையாத கண்ணு.

நான் கையப் புடிச்சுட்டேன். "வந்துரு நாகு. உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன். நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். தூவறதுக்கெல்லாம் வேற நல்ல ஆளாப் பாத்துக்கலாம், நீ ராணி மாதிரி நெழல்ல உக்காந்திரு"ன்னேன். இதுக்கு மேல ஒருத்தி எப்படிங்க கூப்புடறது?

கைய உருவிக்கிட்டா. "இங்க யாரும் என்னைய நெழல்ல உக்காருன்னு சொல்றதில்லீங்கக்கா. வேலை சொல்றாங்க. அது போதுமுங்க." இப்படிச் சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா.

பாத்தீங்களா? நெழல் வேண்டாமாம். அடுப்படியில வேகறதுதான் வேணுமாம். வூட்டுல ராணி மாதிரி இருன்னா கசக்குது. அவளுக்கு மனசு பேதலிச்சுப் போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. துக்கம் மனுசர அப்படிப் பண்ணிரும். பஸ்ஸுல வர்றப்ப பூரா யோசிச்சேன், நான் அப்படி என்ன சொல்லிட்டேன்னு. இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

சரி, உங்க கீரைய மறந்துட்டேன் பாருங்க. இந்தாங்க, பழைய தூருல தழைஞ்ச அரைக்கீரை கொஞ்சம், இது சாருக்கு வெந்தயக்கீரை. சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே. இருங்க, அதுக்கு முன்னால ஒண்ணு. உங்களைப் பாத்ததும் மனசுல தோணுச்சு, கேட்டுப்போடறேன்.

இந்தத் துணி முடிச்சப் பாருங்க. இது எங்க கொழுந்தனாரு வேட்டியில கிழிச்சது. நாகு போன வருசம் அவ கையால எடுத்து, காய வெச்சு, சாம்பல்ல பொரட்டி, இதுல முடிஞ்சு மோட்டர் ரூம்புல தொங்க உட்டிருந்தா. நல்ல நல்ல செடியாப் பாத்து எடுத்த வெதைங்க. அதுல இதுதான் மிச்சம், ஒரே ஒரு பிடி. இதுவும் போச்சுன்னா அவ வெதைன்னு இந்த மண்ணுல ஒண்ணும் இல்ல. எனக்குத் தூவப் பயமா இருக்குதுங்க. என்ற கையில வராது. நல்ல மனசு, நல்ல கை, மங்களகரமா ஒருத்தர் வரட்டும்னு முடிஞ்சே வெச்சிருந்தேன். இன்னைக்கு நாளும் நல்லாத்தான் இருக்குது. நீங்க வந்து நிக்கறீங்க.

கைய நீட்டுங்க. நீட்டுங்க அம்மிணி, சும்மா. இந்தாங்க, முடிச்ச அவுத்துட்டேன், இதைப் புடிங்க. எவ்வளவு லேசா இருக்குது பாத்தீங்களா, ஒண்ணுமே இல்லாத மாதிரி. அந்த மொத பாத்தியில, அவ கட்டுனாளே, அங்க போய் உங்க கையால தூவிட்டு வாங்க. உங்க வூட்டுத் தக்காளி அவ கையில வந்துச்சு, அவ கீரை உங்க கையில வரட்டும். வந்துச்சுன்னா நான் அன்னைக்கே ஹாஸ்டலுக்குப் போன் போட்டுருவேன், மூணாவது மாடி அம்மிணி தூவுனது, உன்ற வெதைதான், வந்து பாருன்னு.

என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க, லேத்துச் சத்தத்துல கேக்கல.

சாருங்களா?

எப்பங்க? தையிலயா. அந்த ஆம்புலன்சு...

அய்யோ அம்மிணி. நான் ஒரு கூறு கெட்டவ. நெத்தியில பொட்டு இருக்குது, சுடிதாரு போட்டிருக்கறீங்க, எனக்கெப்படித் தெரியும். சாரா, நம்ம சாரா போயிட்டாரு? ஹாரன் சத்தம் கேக்கலையேன்னு நான் தெனமும் நினைச்சுக்குவேன். உங்களுக்குன்னு நான் ஓடி வந்திருப்பனே, வந்து உங்க பக்கத்துல உக்காந்திருப்பனே. ஒருத்தரும் சொல்லலையே எனக்கு. வெந்தயக்கீரை, வெந்தயக்கீரைன்னு நான் வேற சொல்லிட்டே இருக்கறேன். அழுகாதீங்க. அழுதா அழுதுருங்க, இங்க யாரு இருக்கறா.

சரி, அதை இப்படி முறத்துல போட்டுருங்க. கையில இருக்கறத. இல்லீங்க, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க இருக்கற நெலமைக்கு உங்களுக்கு எதுக்குங்க சிரமம். வெயில்ல நிக்காதீங்க. நீங்க போய் அந்த நெழல்ல உக்காருங்க, நான் தண்ணி கொண்டுட்டு வர்றேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? நான் தண்ணி கொண்டு வர்றேன்னு சொன்னனேங்க. அம்மிணி, கீரைய வெச்சுட்டுப் போறீங்களே. வரப்பு வழுக்கும், பாத்துப் போங்க. அம்மிணி, கையில வெதை இருக்குதுங்க. உங்க கையில. அதை மூடிட்டே போறீங்களே. அது நாகு வெதைங்க, வேற இல்லீங்க எங்கிட்ட.

போயிட்டாங்க. கேட்டுக்குள்ள போயாச்சு.

இவங்களும் ஒண்ணும் சொல்லாமப் போறாங்க. நான் என்ன சொல்லிட்டேன். நெழல்ல உக்காரச் சொன்னேன், அவ்வளவுதானே சொன்னேன்.